பூத் கணக்கு: ஒரு பகுதியின் சாய்வையும் வாக்குப்பதிவையும் வாசிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: சென்னையில் பத்து வருடமாக ஒரே பகுதியில் குடியிருக்கிறீர்கள். உங்கள் பூத்துகளில் வாக்குப்பதிவு 55 விழுக்காட்டைத் தாண்டுவதே அபூர்வம். சொந்த ஊரிலோ 80 போகிறது. “இங்கே இருப்பவர்களுக்கு அக்கறை இல்லையா? இந்த ஏரியா உண்மையில் எந்தக் கட்சிப் பக்கம்? இன்னும் பத்து விழுக்காடு பேர் வந்து ஓட்டுப் போட்டால் அது யாருக்குப் போகும்?” என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவன். வாக்குப்பதிவு அலுவலராகத் தொடங்கி, பிறகு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு தொகுதிவாரி, பூத்வாரி முடிவுகளை உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் 55 விழுக்காட்டில் பெரும் பங்கு அக்கறையைப் பற்றியதே இல்லை. அது பட்டியலைப் பற்றியது.

விழுக்காடு என்பது ஒரு வகுத்தல். மேலே ஓட்டுப் போட்டவர்கள், கீழே பட்டியலில் பெயர் உள்ளவர்கள். தேர்தல் இரவு தொலைக்காட்சியில் எல்லோரும் மேலே உள்ள எண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். கீழே உள்ள எண் சரியா என்று யாரும் கேட்பதில்லை. நகரத்தில் கோளாறில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு காட்சியைச் சொன்னால் புரியும். சாவடியில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் கூட்டம் பதினோரு மணி வாக்கில் கொஞ்சம் தணியும். அப்போது கட்சி ஏஜென்டுகள் கையிலுள்ள பட்டியலைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 30 பெயர். நகரத்துச் சாவடி ஒன்றில் மூன்று கட்சி ஏஜென்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். “இந்த வீட்டுல அஞ்சு பேரும் காலி பண்ணிட்டுப் போயி ஆறு வருஷம் ஆச்சு சார்” என்றார் ஒருவர். “இந்தம்மா தவறிட்டாங்க. இவரு பையன் கூட வெளிநாட்டுல இருக்காரு. இந்தப் பொண்ணு கல்யாணமாகி மதுரை போயிடுச்சு” என்று அடுத்தவர். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் மூன்று கட்சிக்காரர்களும் இதில் ஒருமனதாக இருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழெட்டுப் பெயர் அப்படிப் போனது. அந்தச் சாவடியில் நூறு விழுக்காடு பதிவு என்பது நடக்கவே முடியாத காரியம். கால்வாசிப் பேர் அந்த ஊரிலேயே இல்லை.

இது அதிகாரிகளுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று பிஎல்ஓக்கள் (வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள்) தயாரிக்கும் ஏஎஸ்டி பட்டியல் தேர்தல் நாளில் தலைமை அலுவலரின் மேசையில் இருக்கும். அந்தப் பெயரில் யாராவது வந்தால் அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகத் தருவது. ஆனால் அன்று மாலை விழுக்காடு கணக்கிடும்போது அந்தப் பெயர்களையும் சேர்த்துத்தான் வகுக்கிறோம்.

எவ்வளவு பெரிய விஷயம் இது என்று 2025 இறுதியில் மாநிலமே பார்த்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடான கணக்கெடுப்பு முடிந்து அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது, தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்தன. சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றும், 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்றும், மீதி இரட்டைப் பதிவுகள் என்றும் கணக்குச் சொன்னார்கள். சென்னையில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல் போனது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

இதை 2021 சட்டமன்றத் தேர்தலோடு வைத்துப் பாருங்கள். அன்று சென்னை மாவட்டத்தில் பதிவு 59 விழுக்காடு. தலைகளாக எண்ணினால் சுமார் 24 லட்சம் பேர். அதே 24 லட்சத்தை வரைவுப் பட்டியலில் எஞ்சிய 26 லட்சத்தால் வகுத்தால் தொண்ணூறைத் தாண்டிவிடும். இதை நான் சரியான பதிவு விழுக்காடு என்று சொல்லவில்லை. இரண்டு பட்டியலுக்கும் இடையே நாலரை வருடம் இருக்கிறது. நீக்கப்பட்ட பெயர்களில் உயிரோடு, அதே வீட்டில் இருந்தவர்களும் உண்டு. அவர்கள் அலைந்து திரிந்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்த வேதனை சின்னதில்லை. ஆனால் “சென்னைக்காரன் ஓட்டுப் போட மாட்டான், லீவு விட்டால் மகாபலிபுரம் போய்விடுவான்” என்று இத்தனை வருடம் நாம் எவ்வளவு எளிதாகத் திட்டினோம் என்பதை இந்த எண் காட்டுகிறது. இனிமேல் ஒரு தேர்தலில் உங்கள் பகுதியின் விழுக்காடு திடீரென்று ஏறியிருந்தால், மக்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் பட்டியல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் சொந்த ஊர்க் கணக்கும் இதன் மறுபக்கம்தான். 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரி 81 விழுக்காடு, மத்திய சென்னை 54. தர்மபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்கள் பெயரை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள், தேர்தலுக்கு பஸ் ஏறி வருகிறார்கள். சென்னையிலிருந்தும் அப்படிப் போகிறார்கள். தேர்தலுக்கு முந்தைய இரவுகளில் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்துகளுக்கு நிற்கும் கூட்டம் பொங்கல் கூட்டத்துக்குச் சளைத்ததில்லை. அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சென்னைப் பட்டியலிலும் பெயர் இருந்தது. ஊரில் ஓட்டுப் போட்டு அங்கே விழுக்காட்டை ஏற்றினார்கள். இங்கே வராமல் இறக்கினார்கள். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே கடமை உணர்ச்சி.

பட்டியலைத் திருத்திய பிறகும் நகரத்தில் ஓரளவு குறைவு இருக்கும், அதை மறைக்க வேண்டாம். வாடகை வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார், பழைய சாவடி எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கவுன்சிலர் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. கிராமத்தில் அப்படி இல்லை. ஓட்டுப் போட வராதவரை வீட்டுக்கு வந்து கூப்பிடுவார்கள். மாமன் மச்சான் முறையில் கூப்பிடும் ஏஜென்டை மறுக்க முடியாது. அந்த அழைப்பில் அன்பும் இருக்கிறது, நெருக்குதலும் இருக்கிறது. ஆகவே 80 விழுக்காடு என்றாலே அங்கே ஜனநாயகம் செழிக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. பணம் ஆளைச் சாவடி வரை கூட்டி வரும். உள்ளே போய் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்பது வேறு விஷயம். அதனால் பட்டுவாடா நடந்த இடத்தில் பதிவு உயர்வதை மட்டும் வைத்துச் சாய்வைக் கணிக்க முடியாது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பதிவு கூடினால் யாருக்கு லாபம்? “கூட்டம் அதிகம் என்றால் ஆளுங்கட்சிக்கு ஆப்பு” என்பது டீக்கடையிலும் ஸ்டுடியோவிலும் ஒரே மாதிரி கேட்கும் வசனம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களையே வரிசையாக வைத்துப் பார்த்துவிடுவோம். 1962-இல் சுமார் 71 விழுக்காடாக இருந்தது 1967-இல் 76-க்கு மேல் ஏறியது. காங்கிரஸ் ஆட்சி போனது. வசனம் பொருந்துகிறது. 1980-இல் 65-ஆக இருந்தது 1984-இல் 73-க்கு ஏறியது. எட்டு விழுக்காடு கூடுதல், ஆனால் ஆட்சியில் இருந்த எம்.ஜி.ஆரே திரும்ப வந்தார். 1996-இல் 67, 2001-இல் 59. எட்டு விழுக்காடு குறைந்தது, ஆனால் ஆட்சி மாறியது. 2006-இல் 71, 2011-இல் 78. கூடியது, ஆட்சி மாறியது. 2016-இல் இறங்கியது, ஆட்சி தங்கியது. 2021-இல் இன்னும் கொஞ்சம் இறங்கியது, ஆட்சி மாறியது. கூடினாலும் மாறியிருக்கிறது, குறைந்தாலும் மாறியிருக்கிறது. இந்த ஆறு தேர்தல்களை வைத்து எந்த விதியும் எழுத முடியாது. 1984-க்கு அதன் காரணம் தனி. இந்திரா காந்தி படுகொலைக்குப் பிந்தைய அனுதாபம், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தது, இரண்டும் சேர்ந்து சாவடிக்கு இழுத்தது. கோபமும் ஆளைக் கூட்டி வரும், பாசமும் கூட்டி வரும். சாவடிக் கதவில் நிற்கும் எனக்கு வரிசையின் நீளம் மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்தில் தேர்தல் இரவு அறிவிக்கும் எண்களையும் நம்பிவிடாதீர்கள் என்று சொல்லவேண்டும். 2024 ஏப்ரல் 19 மாலை மாநிலப் பதிவு 72.09 என்றார்கள். பிறகு 69.46 என்று திருத்தினார்கள். இறுதியில் 69.72 என்று நின்றது. மத்திய சென்னைக்கு முதலில் சொன்னது 67 விழுக்காடு, பிறகு வந்தது 54. இதற்குள் மர்மம் தேட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாவடியிலிருந்து செல்போனில் எண் அனுப்பச் சொல்கிறார்கள். வாக்காளர் வரிசை ஒரு பக்கம், இயந்திரத்தில் கண் ஒரு பக்கம் இருக்கும் அலுவலர் சில நேரம் அனுப்பத் தவறுவார். வந்த சாவடிகளை வைத்து வராத சாவடிகளுக்கும் மதிப்பிடுகிறார்கள். உண்மையான எண் எதில் இருக்கிறது என்றால் படிவம் 17சி-யில். வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு அங்கே இருக்கும் ஏஜென்டுகளுக்கு நகல் தருவது அது. அந்தச் சாவடியின் மொத்த வாக்காளர், பதிவேட்டில் கையெழுத்திட்டவர், இயந்திரத்தில் பதிவான ஓட்டு, எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். முடியும் நேரத்தில் வரிசையில் ஆள் நின்றால் கடைசி ஆளிலிருந்து முன்பக்கமாக டோக்கன் கொடுத்துக்கொண்டு வருவோம், புதிதாக யாரும் பின்னால் சேராமல் இருக்க. அந்த டோக்கன்காரர்கள் எல்லோரும் போட்டு முடித்த பிறகுதான் 17சி எழுதுவது. உங்கள் பகுதியில் ஏதாவது ஒரு கட்சியின் பூத் ஏஜென்டைத் தெரிந்திருந்தால் அந்த நகலைக் கேட்டுப் பாருங்கள். அதைவிட நம்பகமான ஆதாரம் இல்லை.

இப்போது சாய்வு. இதற்குப் படிவம் 20 வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் அது. ஒவ்வொரு சாவடி எண்ணுக்கும் எதிரே ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற ஓட்டு, நோட்டா, மொத்தம் என்று இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கிறது. ஆனால் அதில் சாவடி வாரியாக வாக்காளர் எண்ணிக்கை இருக்காது. அதற்கு அந்தப் பாகத்தின், அதாவது அந்தச் சாவடிக்கு உரிய, வாக்காளர் பட்டியலைத் திறந்து ஆண், பெண், மூன்றாம் பாலினம், மொத்தம் என்ற சுருக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தபால் ஓட்டுகள் கடைசியில் தொகுதி முழுவதற்கும் சேர்த்து ஒரே வரியில் இருக்கும். உங்கள் தெருவிலிருந்து தேர்தல் வேலைக்குப் போய்த் தபாலில் ஓட்டுப் போட்ட ஆசிரியர், போலீஸ்காரர், வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்ட வயதானவர் யாரும் உங்கள் சாவடிக் கணக்கில் வர மாட்டார்கள்.

சாவடி எண்ணை அப்படியே ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. 2021-இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் என்று வரம்பு வைத்துத் துணைச் சாவடிகள் உருவாக்கினார்கள், எண்ணிக்கை 88 ஆயிரத்தைத் தாண்டியது. 2024-இல் வரம்பு 1,500. 2025-இல் அதை 1,200 ஆக்கினார்கள். ஆகவே ஒரு தேர்தலின் 143-ஆம் சாவடியும் அடுத்த தேர்தலின் 143-ஆம் சாவடியும் ஒரே தெருக்களாக இருக்க வேண்டியதில்லை. பட்டியலின் முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெரு என்று பிரிவுகள் கொடுத்திருப்பார்கள், அதை வைத்துப் பொருத்துங்கள். அலுப்பான வேலைதான். இதைச் செய்யாமல் எழுதப்படும் அலசல்களைப் பார்த்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

அடுத்து, விழுக்காட்டை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். ஒரு கற்பனைச் சாவடி எடுத்துக்கொள்வோம். முதல் தேர்தலில் 1,100 பெயர், 620 ஓட்டு. அ கட்சிக்கு 290, ஆ கட்சிக்கு 210, மற்றவர்களுக்கு 120. அடுத்த தேர்தலில் 1,050 பெயர், 700 ஓட்டு. அ கட்சிக்கு 300, ஆ கட்சிக்கு 290, மற்றவர்களுக்கு 110. விழுக்காட்டில் பார்த்தால் அ கட்சி 47-லிருந்து 43-க்குச் சரிந்துவிட்டது. “கோட்டையில் ஓட்டை” என்று தலைப்புப் போட்டுவிடலாம். தலைகளில் பார்த்தால் அந்தக் கட்சி பத்து ஓட்டுக் கூடுதலாக வாங்கியிருக்கிறது. ஆ கட்சி எண்பது கூடுதலாக வாங்கியிருக்கிறது, அந்த எண்பதும் புதிதாகச் சாவடிக்கு வந்தவர்களாக இருக்கலாம். அல்லது அ கட்சியின் பழைய ஓட்டில் ஐம்பது ஆ பக்கம் போய், வேறு அறுபது பேர் புதிதாக அ பக்கம் வந்திருக்கலாம். அல்லது பாதிப் பேர் வீடு மாறிப்போய் முற்றிலும் வேறு ஆட்கள் ஓட்டுப் போட்டிருக்கலாம். மூன்றுக்கும் தாளில் தெரிவது ஒரே எண். எது நடந்தது என்று தெருவில் நடந்து பேசித்தான் அறிய முடியும். பழைய கட்சிக்காரர்கள் படிவம் 20-ஐப் பார்க்காமலே தெருவை இவ்வளவு சரியாகச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

முதல் தேர்தலில் அ கட்சியின் 47 விழுக்காடு என்பதும் பட்டியலில் உள்ள 1,100 பேரில் 26 விழுக்காடுதான். வராமல் இருந்தவர் 480 பேர். உங்கள் ஏரியா எந்தக் கட்சிப் பக்கம் என்று கேட்டால், இப்படிப்பட்ட சாவடியில் நேர்மையான பதில், எந்தக் கட்சிக்குப் போட்டவர்களை விடவும் அதிகம் பேர் பதிலே சொல்லவில்லை என்பதுதான்.

கூட்டணி வேறு குழப்பும். உங்கள் தொகுதியை ஒரு பெரிய கட்சி தன் கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கியிருந்தால், கை சின்னத்துக்கோ கதிர் அரிவாளுக்கோ தாமரைக்கோ விழுந்த ஓட்டில் பெரும் பங்கு அந்தப் பெரிய கட்சியுடையது. அடுத்த முறை அந்தத் தொகுதியில் அந்தக் கூட்டணிக் கட்சி தனியாக நின்றால்தான் அதன் சொந்த பலம் தெரியும். கட்சிகள் அணி மாறும்போது தெரு மாறாமலே எண்கள் மாறும்.

சாய்வு என்று நாம் சொல்வது அவ்வளவு உறுதியானதா என்பதே கேள்வி. எனக்கு இதில் மறக்க முடியாத சான்று 2019. அந்த ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். மே 19-இல் இன்னும் 4. வேலூர் மக்களவைத் தேர்தல் நின்றுபோனதால் அதற்குள் வரும் ஆம்பூரையும் குடியாத்தத்தையும் தவிர்த்து, ஏப்ரல் 18 அன்று மற்ற 16 தொகுதிகளிலும் ஒரே வாக்காளர் ஒரே சாவடிக்குள் இரண்டு இயந்திரங்களுக்கு முன்னால் அடுத்தடுத்து நின்றார். மக்களவையில் திமுக கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் தேனி ஒன்றைத் தவிர அத்தனையும் வென்றது, ஆகஸ்டில் தனியாக நடந்த வேலூரையும் சேர்த்து. 22 இடைத்தேர்தல்களிலோ திமுக 13, அதிமுக 9. டெல்லிக்கு ஒரு மாதிரி, கோட்டைக்கு ஒரு மாதிரி. இரண்டு இயந்திரத்துக்கும் நடுவே நாலு அடி தூரத்தில் மனதை மாற்றிக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு தனித்தனிக் கேள்விக்கு இரண்டு தனித்தனிப் பதில் சொன்னார்கள். நம் வாக்காளரை மந்தை என்று பேசுபவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஊராட்சி ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும் உண்டு. ஒரே வாக்காளர் ஒரே நாளில் நான்கு நிறச் சீட்டுகளை மடித்துப் போடுகிறார். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஆளைப் பார்க்கிறார், பச்சையிலும் மஞ்சளிலும் கட்சியைப் பார்க்கிறார். தலைவர் ஓட்டில் தெரு, சொந்தம், கோயில் வரி, குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக் கட்சிச் சாய்வைக் கணிப்பது வீண் வேலை.

நகரத்தில் வார்டு கவுன்சிலருக்குக் கட்சிச் சின்னம் உண்டு. ஆனால் 2022 பிப்ரவரி 19 அன்று சென்னை மாநகராட்சித் தேர்தலில் பதிவு 43.59 விழுக்காடு. பத்து மாதத்துக்கு முன் இதே நகரம் சட்டமன்றத்துக்கு 59 போட்டிருந்தது. அந்த உள்ளாட்சித் தேர்தலில் திமுக மட்டும் 200 வார்டுகளில் 153-ஐ வென்றது. பதிவு இவ்வளவு குறையும்போது வருகிறவர்கள் பெரும்பாலும் கட்சியோடு ஏதோ ஒரு தொடர்பு உள்ளவர்கள், அல்லது வீடு தேடி வந்து அழைக்கப்பட்டவர்கள். அமைப்பு பலம் உள்ள கட்சிக்கு அது சாதகம். ஆளுங்கட்சியாக இருந்தால் இன்னும் சாதகம். அந்த முடிவை வைத்து அந்த வார்டின் மொத்த மக்களையும் எடை போடக் கூடாது. மாநகராட்சி வார்டு எல்லையும் சட்டமன்றப் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, நடத்துவதும் மாநிலத் தேர்தல் ஆணையம் என்ற தனி அமைப்பு. சட்டமன்றத்தைச் சட்டமன்றத்தோடும், மக்களவையை மக்களவையோடும் ஒப்பிடுங்கள். குறுக்கே ஒப்பிட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கதை சொல்லலாம்.

இதுவரை கணக்கு. எனக்கு உண்மையாகவே கவலை தரும் இடம் அடுத்தது.

நம் ஊர்களில் தெருவும் சாதியும் பிரிந்திருப்பதில்லை. கிராமத்தில் ஊருக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி என்று பல இடங்களில் இருக்கிறது. நகரத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு முழுவதும் ஓரிரு சாவடிக்குள் அடங்கிவிடும். அப்போது படிவம் 20-இன் ஒரு வரி என்பது கிட்டத்தட்ட ஒரு சமூகத்தின் ஓட்டை வெளியே காட்டுவது போல ஆகிவிடுகிறது. தனி மனிதரின் ஓட்டு ரகசியம் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் காக்கிறது. யாருக்குப் போட்டாய் என்று சாட்சிக் கூண்டில் நிறுத்திக்கூடக் கேட்க முடியாது. ஆனால் எண்ணூறு பேர் சேர்ந்த தெருவின் ஓட்டு ரகசியமில்லை. “உங்க பூத்துல எங்களுக்கு நாப்பதுதான் விழுந்திருக்கு, அப்புறம் எந்த முகத்தோட ரோடு கேட்கறீங்க?” என்ற பேச்சை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்ட பெண்கள் குடத்தோடு பேசாமல் திரும்பினார்கள்.

சீட்டுக் காலத்தில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. பல பெட்டிகளின் சீட்டுகளைக் கொட்டிக் கலந்து எண்ணுவதற்கு விதியில் இடம் இருந்தது, எந்தத் தெரு யாருக்கு என்று பிரித்துப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. அன்றிலிருந்து சாவடிக்குச் சாவடி தனி எண். பல இயந்திரங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டி மொத்தத்தை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை 2008-லேயே தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. சாவடி வாரி எண் இருந்தால்தான் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. 17சி-யையும் படிவம் 20-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது பெரிய பாதுகாப்பு. இரண்டையும் எடை போட்டால் நான் இன்னும் டோட்டலைசர் பக்கம்தான். ஆயிரம் பேர் கொண்ட தெருவைப் பழிவாங்குவது எளிது, பதினைந்தாயிரம் பேரைப் பழிவாங்குவது கடினம்.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஏரியா எந்தக் கட்சிப் பக்கம் என்று கண்டுபிடித்தால் அதைக் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் போடுவீர்களா என்று யோசியுங்கள். பதிவு விழுக்காட்டைப் போடுங்கள், பட்டியலில் இல்லாதவர் எத்தனை பேர் என்று போடுங்கள். எந்தத் தெரு எந்தச் சின்னம் என்பதைப் பொதுவில் போடாதீர்கள். அது நாளைக்கு யார் கையில் என்னவாகும் என்று சொல்ல முடியாது. தெருவின் எண்ணை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டையும் ஊகிக்காதீர்கள். 60 விழுக்காடு ஒரு கட்சிக்கு விழுந்த சாவடியில் பத்தில் நால்வர் அந்தக் கட்சிக்குப் போடாதவர்கள். அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் காவல்.

நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அது விழுக்காட்டை உண்மையாகவே உயர்த்தும். உங்கள் பாகத்தின் பட்டியலைப் பதிவிறக்கி, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்வாருங்கள். பெயர் இருந்து ஆள் இல்லாத வீட்டையும், ஆள் இருந்து பெயர் இல்லாத வீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகைதான் முக்கியம். பட்டியலில் இல்லாதவர் வராததை எந்த விழுக்காடும் காட்டாது. புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8. முன்பு ஜனவரி 1-ஐ மட்டும் தகுதி நாளாக வைத்தார்கள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்தில் நான்கு உண்டு, அதனால் பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் படிவம் 8-ஐ நிரப்பத் தயங்குவார்கள், வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று. அந்த ஒரு தயக்கத்தில்தான் நகரத்தில் நிறையப் பெயர்கள் பழைய தெருவிலேயே கிடக்கின்றன. வீட்டுக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். அதன் பிறகு உங்கள் பிஎல்ஓவிடம் போங்கள். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார், தன் வேலை போக இதையும் பார்ப்பவர். நிரப்பிய படிவங்களை முகவரிச் சான்றோடு பாகம் வாரியாக அடுக்கிக் கொண்டுபோனால் அவருக்கும் ஒரு வார வேலை மிச்சமாகும்.